மரவேலைக்குச் சொந்தமாகக் கருவி வாங்கும்போது முதலில் கயிறா, வாளா?

குலசேகரத்துக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குலசேகரம் பக்கத்தில் மூத்த அண்ணன் ஒருவரின் குழுவோடு சேர்ந்து மரம் முறிக்கும் வேலையும் கொம்பு இறக்கும் வேலையும் செய்து வருகிறேன். வாள், வடம், கப்பி எல்லாம் அவருடையவை. எனக்கென்று இருப்பது ஒரு வெட்டுக்கத்தி மட்டுமே. இடவப்பாதி மழை தொடங்குவதற்கு முன்னால் தனியாக வேலை எடுக்கலாம் என்று எண்ணுகிறேன். ரப்பர் தோட்டத்தை மொத்தமாக முறிக்கும் வேலை என்னைத் தேடி வராது. அதற்குத் தடி வியாபாரிகளே ஆட்களோடு வருகிறார்கள். எனக்குக் கிடைக்கக்கூடியது வீட்டு முற்றத்து வேலைதான்: ஓட்டின்மேல் சாய்ந்த பலாக்கொம்பு, மதிலோரத்து அயினி மரம், கிணற்றுக்கு மேலே கவிந்த மாமரம், மண்டை (உச்சி) காய்ந்த தென்னை. கையில் இருக்கும் பணத்துக்கு பெட்ரோலில் ஓடும் ஒரு நல்ல மிஷின் வாள் (செயின்சா) வாங்கலாம். அல்லது ஏறுவதற்கான கயிறும் பெல்ட்டும் வாங்கலாம். இரண்டையும் ஒரே சமயத்தில் வாங்க வழியில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எதை முதலில் வாங்கச் சொல்வீர்கள், ஏன் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

ஈத்தாமொழியான் எழுதியது:

தம்பி, வாள்தான் முதலில். வேலைக்குக் கூப்பிடுகிறவர் உன் கையில் என்ன வாள் இருக்கிறது என்றுதான் பார்ப்பார். எந்தக் கயிற்றில் தொங்குகிறாய் என்று எவரும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து தளை நாரைக் காலில் மாட்டிக்கொண்டு தென்னையிலும் பனையிலும் ஏறி இறங்கியிருக்கிறோம். வாள் உனக்குச் சம்பாதித்துத் தரும்; அந்தச் சம்பாத்தியத்தில் அடுத்த வருடம் கயிறு வாங்கிக்கொள்.

மலையோரம் எழுதியது:

அண்ணாச்சி சொல்வது தென்னைக்குப் பொருந்தும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தென்னையும் பனையும் ஒற்றைத் தடியாக நேரே போகின்றன. ஏறுகிறவரின் காலும் கையும் மரத்தை விட்டு விலகுவதில்லை. செய்கிற வேலையும் மண்டைக்குள்ளே நின்று செய்யும் வேலை. பலாவிலும் அயினியிலும் நிலைமை வேறு. அங்கே வேலை தடியில் இல்லை, கொம்பின் நுனியில் இருக்கிறது. கொம்பு வெளியே போகப்போக மெலிகிறது. வெட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டும். அப்படியானால் உடம்பைப் பிடித்துக்கொள்ள மூன்றாவதாக ஒன்று வேண்டும். அந்த மூன்றாவது கைதான் கயிறு. மேலே கொம்பு பிரியும் உறுதியான ஒரு கவையில் கயிற்றைப் போட்டு, அதில் பாரத்தைச் சாய்த்துக்கொண்டு நுனிவரை நடந்து போனால், கொம்பு நம் எடையைச் சுமக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லாமல் போகிறது. கயிறு இல்லாதவர் கொம்பின் நடுவிலேயே நின்றுவிடுவார், நுனியைக் கழிக்க முடியாததால் கொம்பை மூட்டோடு வெட்டுவார், ஓட்டில் விழும், வீட்டுக்காரரோடு தகராறு வரும். எனவே, கயிறு சம்பாதிக்காது என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. மிஷின் வாளை ஒருநாள் வாடகைக்கு எடுக்கலாம், தெரிந்தவரிடம் இரவல் வாங்கலாம். அது பழுதாக இருந்தால் தரையில் வைத்து ஓட்டிப் பார்க்கும்போதே தெரிந்துவிடும். கயிற்றை இரவல் வாங்க முடியாது. போன மாதம் அதில் எவ்வளவு பாரம் விழுந்தது, பேட்டரித் தண்ணீர் சிந்திய வண்டியில் கிடந்ததா, வாளின் பல் எங்கேனும் உரசியதா என்பதெல்லாம் பார்த்தால் தெரியாது. உயிரைத் தாங்குகிற பொருளின் வரலாறு தாங்குகிறவனுக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே கயிறு, பெல்ட், ஹெல்மெட் ஆகியவை முதலில். அவற்றோடு நல்ல கைவாள் ஒன்று. வளைந்த அலகும் இழுக்கும்போது வெட்டும் பல்லும் கொண்ட கைவாள், கை மணிக்கட்டுப் பருமனுள்ள கொம்பைச் சில நொடிகளில் அறுத்துவிடும். முற்றத்து வேலையில் பெரும்பகுதி அந்தப் பருமனுக்குள் அடங்கிவிடுகிறது.

குலசேகரத்துக்காரன் எழுதியது:

நன்றி அண்ணன். இரண்டு ஐயங்கள். எங்கள் குழுவில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நீல நிறப் பிளாஸ்டிக் வடத்தைத்தான் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம், அது போதாதா? கட்டடத் தொழிலாளர்கள் மாட்டும் முழு உடல் பெல்ட் மார்த்தாண்டத்திலேயே கிடைக்கிறது. அதையே மரத்துக்கும் வைத்துக்கொள்ளலாமா?

மலையோரம் எழுதியது:

நீல வடம் பாலிப்ரோப்பிலீன். கொம்பை இழுத்துப் பிடிக்க, வேலி கட்ட, லாரியில் தடியைக் கட்ட அது நல்ல பொருள்தான். ஏறுவதற்கு அது ஆகாது. வெயிலில் கிடந்தால் அதன் இழைகள் நொறுங்கத் தொடங்கும். விரலால் திருகினால் தூள் உதிர்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சுமார் 165 பாகை செல்சியஸிலேயே அது உருகிவிடும். நாம் இறங்கும்போது கயிற்றின்மேல் இன்னொரு கயிற்றின் முடிச்சு உரசிக்கொண்டே வருகிறது. அந்த உரசலின் சூடு பட்ட இடம் கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்கினால் முடிச்சு அதற்குமேல் பிடிக்காது. ஏறுவதற்கென்றே பின்னப்படும் கயிற்றின் வெளிப்பின்னல் பெரும்பாலும் பாலியஸ்டர். அது உருகுவதற்கு 250 பாகைக்கு மேல் வேண்டும். 11 முதல் 13 மில்லிமீட்டர் வரையிலான பருமன் உள்ளங்கைக்கு அடங்கும். மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமான நீளம் வாங்குங்கள், ஏனெனில் கயிறு கவைக்கு மேலே போய்த் திரும்பி வர வேண்டும்.

உரசல் முடிச்சு என்றேனே, அதைத் தரையிலேயே தாழ்ந்த கொம்பொன்றில் பழகிக்கொள்ளுங்கள். ஆஸ்திரிய மலையேறியான கார்ல் புரூசிக் 1931-இல் அறிமுகப்படுத்திய முடிச்சு இன்றுவரை அவர் பெயரிலேயே வழங்குகிறது. மெல்லிய கயிற்று வளையத்தைப் பெரிய கயிற்றின்மேல் மும்முறை சுற்றி உள்ளே நுழைத்து இழுத்தால், பாரம் விழும்போது இறுகும். பாரம் நீங்கினால் கையால் நகர்த்தலாம். மரவேலைக்காரர்கள் அதன் பல வகைகளைப் பயன்படுத்துகிறார்கள். எந்த வகையானாலும் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக அமர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, கால் தரையில் இருக்கும்போதே முழு எடையையும் அதில் விட்டுப் பாருங்கள்.

கட்டடப் பெல்ட்டைப் பொறுத்தவரை, ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர முத்திரை உள்ளது விழுகிற மனிதனைத் தடுத்து நிறுத்தும். அதற்காகவே முதுகுப்பக்கம் வளையம் வைத்திருக்கிறார்கள். மரத்தில் நாம் விழுந்தபின் தொங்குவதற்காகக் கட்டுவதில்லை. உட்கார்ந்து வேலை செய்வதற்காகக் கட்டுகிறோம். தொடைக்கும் இடுப்புக்கும் அகலப் பட்டையும், முன்பக்கம் ஒரு வளையமும், இரண்டு விலாவிலும் ஒவ்வொரு வளையமும் உள்ள பெல்ட் வேண்டும். விலா வளையங்களில் ஒரு குறுங்கயிறு. அது தடியைச் சுற்றி வரும். வாளை இயக்கும் நேரத்தில் மட்டும் ஏறுகயிறும் இந்தக் குறுங்கயிறுமாக இரண்டு இடத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும். வாள் வழுக்கி ஒன்றை அறுத்துவிட்டால் மற்றொன்று நிற்கும். குறுங்கயிற்றின் உள்ளே இரும்புக் கம்பி ஓடுகிற வகையை வாங்கினால் இன்னும் நல்லது. கொக்கிகள் தானாகப் பூட்டிக்கொள்பவையாக இருக்கட்டும்.

தோவாளை மெக்கானிக் எழுதியது:

நான் வாள் பழுதுபார்ப்பவன். கயிற்றைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தம்பி வாள் வாங்கும் நாளில் இந்த இழையைத் திரும்பப் படிப்பார் என்பதால் எழுதுகிறேன். என்னிடம் வருகிற வாள்களில் எஞ்சின் கோளாறு குறைவு. பெட்ரோலில் ஆயில் கலப்பதில் வரும் கோளாறும், மழுங்கிய செயினை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதால் வரும் கோளாறுமே அதிகம். வாள் கம்பெனியின் சொந்த ஆயில் என்றால் பெரும்பாலும் 50-க்கு 1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான சாதாரண டூ-டி ஆயில் என்றால் 25-க்கு 1, அதாவது 40 மில்லி. உங்கள் வாளின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். கலந்து வைத்து மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோலை ஊற்றாதீர்கள்.

செயின் கூராக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வாளைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை, கீழே விழுவதைப் பாருங்கள். கூரான செயின் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கியது மாவாகத் தள்ளும். மாவு வந்தால் வாளை அமுக்காமல் நிறுத்திவிட்டு உருண்டை அரத்தை எடுங்கள். எந்தப் பருமன் அரம் என்பது செயினின் அளவைப் பொறுத்தது. மரத்தின்மேல் ஓட்டும் சிறிய வாள்களின் செயினுக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் அரம். எல்லாப் பல்லுக்கும் ஒரே கோணம், ஒரே எண்ணிக்கையில் இழுப்பு. ஒரு பக்கத்துப் பல் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் ஆகிவிட்டால் வாள் வெட்டிக்கொண்டே ஒருபக்கமாக வளைந்து போகும்; அதைப் பார்த்துவிட்டு வாளே மோசம் என்று விற்க வந்தவர்கள் உண்டு.

தென்னந்தடியும் பனந்தடியும் செயினை மிகச் சீக்கிரத்தில் மழுக்கும். பலாவும் அயினியும் மழுக்குவதைவிட அதிகமாக ஒட்டும்; அந்தப் பால் காய்ந்தால் செயினின் இணைப்புகள் இறுகி நகர மறுக்கும். வேலை முடிந்த அன்றைக்கே மண்ணெண்ணெயில் துடைத்து ஆயில் விடுங்கள். கைவாளின் அலகுக்கு, பலாச்சக்கை வெட்டும்போது கத்திக்குச் செய்வதுபோல, முன்கூட்டியே தேங்காயெண்ணெய் பூசினால் போதும்.

ஒற்றைக் கையால் பிடிக்கத் தோதாக மேலே கைப்பிடி வைத்த சிறிய வாள்களைத் தரையில் நின்று ஓட்டாதீர்கள். அவை மரத்தின்மேல் கட்டுண்டு நிற்பவருக்காகச் செய்யப்பட்டவை. அங்கேயும் இரண்டு கையால் பிடிக்க வேண்டியவையே. எந்த வாளானாலும் அலகின் நுனியில் மேல் கால்பகுதி ஒரு கொம்பில் இடித்தால், கண் இமைக்கும் முன் வாள் முகத்தை நோக்கி எகிறும். முன்கைத் தடுப்பைத் தள்ளினால் செயின் உடனே நிற்கிறதா என்று தினமும் காலையில் சோதித்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

விளவங்கோட்டு வீட்டுக்காரி எழுதியது:

நான் தொழில் செய்பவள் அல்லள்; வேலைக்கு ஆள் கூப்பிடுகிறவள். எங்கள் புரையிடத்தில், அதாவது வீட்டைச் சுற்றிய நிலத்தில், பெரிய மாமரம் ஒன்று நிற்கிறது. மழைக்கு முன்னால் கொம்பு இறக்க வந்தவர்கள் மரத்தை மொட்டையடித்துவிட்டு, வெட்டிய இடமெல்லாம் தார் பூசிச் சென்றார்கள். இரண்டு ஆண்டுக்குள் முன்பிருந்ததைவிட அடர்த்தியாகத் துளிர்த்துவிட்டது. இப்போது அந்தத் துளிர்களே தடித்துக் காற்றில் முறிந்து விழுகின்றன. எங்கே வெட்டினால் இப்படி ஆகாது என்று யாரேனும் விளக்க முடியுமா? இதை அறிந்தவரைத்தான் அடுத்த முறை கூப்பிடுவேன்.

அயினிநிழல் எழுதியது:

அம்மா, தோட்டக்கலை படித்தவன் என்ற முறையில் விடை சொல்கிறேன்; தொழில் செய்பவர்களும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். மொட்டையடித்த மரம் தன் இலைகளை ஒரே நாளில் இழக்கிறது. உணவு தயாரிக்க வழியில்லாததால் பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகளையெல்லாம் அவசரமாக எழுப்புகிறது. அப்படி எழும் துளிர், கொம்போடு சேர்ந்து வளர்ந்த கிளையைப்போல் மரத்தின் உள்ளே வேரூன்றியிருப்பதில்லை. மேற்புறத்து அடுக்கில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் அடியிலேயே வெட்டுப்பட்ட தடி உளுத்துக்கொண்டும் இருக்கிறது. எடை கூடியவுடன் முறிவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு கொம்பு தாய்த்தடியோடு சேரும் இடத்தை அருகில் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு மோதிரம்போல் சற்றுத் தடித்த வீக்கம் தெரியும். மேல்பக்கத்தில் பட்டை மடிந்து ஒரு கறுத்த வரியும் இருக்கும். அந்த வீக்கம் தாய்த்தடியைச் சேர்ந்தது, கொம்பைச் சேர்ந்ததன்று. வெட்டு அந்த வீக்கத்துக்கு வெளியே, அதைத் தொடாமல், ஆனால் முளைக்குச்சி எதுவும் மிஞ்சாமல் விழ வேண்டும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கில் அறுத்துப் பார்த்து, மரம் தன் காயத்தைப் புது சதையால் ஆற்றுவதில்லை, உளுத்தலைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்று 1970-களில் விளக்கினார். தடியோடு ஒட்ட வெட்டினால் அந்தச் சுவர் எழும்பும் இடத்தையே நாம் அறுத்துவிடுகிறோம். தார் பூசுவதால் உளுத்தல் தடைபடுவதில்லை; ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கத்தான் அது உதவுகிறது.

கனத்த கொம்பை ஒரே வெட்டில் வெட்டினால் பாதி அறுபட்டதும் அது தன் எடையில் சாய்ந்து, தாய்த்தடியின் பட்டையை முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழும். அதனால் தடியிலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழிருந்து மேலாக மூன்றில் ஒரு பங்கு வெட்டு; அதற்கும் சற்று வெளியே மேலிருந்து கீழாக வெட்டு; கொம்பு விழுந்தபின் மிஞ்சிய முளையை வீக்கத்துக்கு வெளியே சீராக ஒரு வெட்டு. ஒரே முறையில் மரத்தின் பச்சையில் கால்பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். முள் பதித்த ஏறு செருப்பு போட்டு வருபவரை, முறித்து அகற்றும் மரத்தில் மட்டும் ஏற விடுங்கள். வாழ வேண்டிய மரத்தில் ஒவ்வொரு அடியும் ஒரு காயம்.

மலையோரம் எழுதியது:

இதில் தொழிலுக்கான பாடமும் இருக்கிறது. மொட்டையடிக்கிறவருக்கு அந்த வீட்டில் அடுத்த வேலை முறிப்பு வேலைதான். சரியாகக் கொம்பு கழிக்கிறவரை அதே வீடு சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பக் கூப்பிடும்.

இரண்டாவது செலவாக நான் சொல்வது இறக்குகயிறும் கப்பியும். ஏறுகயிற்றை ஒருபோதும் இறக்குவதற்குப் பயன்படுத்த வேண்டாம். எடையைக் கணக்குப் பண்ணிப் பழகுங்கள்: பச்சைத் தடி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள தடி ஒரு மீட்டர் நீளத்துக்கு 70 கிலோ. விட்டம் இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்கு, 280 கிலோ. அந்தத் துண்டு கயிற்றில் விழுந்து சடக்கென்று நின்றால், கவையின் மேல் வரும் இழுவை எடையைப்போல் பல மடங்காகிறது. எனவே கீழே நிற்கும் கையாள் கயிற்றை மரத்து மூட்டில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, பாரம் வந்ததும் சிறுகச் சிறுக ஓடவிட்டு நிறுத்த வேண்டும். கையில் சுற்றிப் பிடிப்பவரை வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல கையாள் கிடைத்தால் அவருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்தாவது கூடவே வைத்திருங்கள்; மேலே இருப்பவனுக்குத் தெரியாதது கீழே இருப்பவருக்குத் தெரியும்.

மரத்தை நம்புவதிலும் வேறுபாடு உண்டு. புளியங்கொம்பைப் பிடித்தாற்போல என்று சொல்வது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. புளி வளையும், சட்டென்று ஒடியாது. முருங்கையும் நாவலும் சொல்லாமல் ஒடியும். காய்ந்த கொம்பு எந்த மரத்திலும் நம்பத்தக்கதன்று. மூட்டில் தட்டுக்காளான் முளைத்திருந்தால், தடியைச் சுத்தியால் தட்டிப் பார்த்துப் பொள்ளல் சத்தம் கேட்டால், ஏறுவதற்குப் பதிலாகப் பக்கத்து மரத்திலிருந்து கயிறு போட முடியுமா என்று யோசியுங்கள். மாவிலும் பலாவிலும் முசுறு எறும்பின் கூடு இருக்கும். ஏறிய பின் அதைக் கண்டுபிடிப்பது கொடுமை. கடந்தைக் குளவிக் கூடு இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

பேச்சிப்பாறைப் பக்கம் எழுதியது:

ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் 30-க்குப் பிறகு எங்கள் பகுதியில் வாள் வைத்திருந்தவர்கள் எல்லோரும் மரவேலைக்காரர்கள் ஆனார்கள். ரப்பரும் தேக்கும் அயினியும் பாதையெங்கும் கிடந்தன. காற்றில் விழுந்த மரம், நிற்கும் மரத்தைவிட ஆபத்தானது என்பதை அப்போதுதான் பலர் அறிந்தார்கள். இரண்டு முனையும் தாங்கப்பட்டு நடுவில் தொங்கும் தடியில் மேல்பக்கம் அமுங்கியும் கீழ்ப்பக்கம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்து அறுத்தால் வாள் சிக்கிக்கொள்ளும். ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டிருந்தால் இது தலைகீழாகும். அமுங்கிய பக்கம் முதலில் சிறிது வெட்டி, பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து வெட்டை முடிக்க வேண்டும். மற்றொரு மரத்தின் கீழே வளைந்து அழுந்திக் கிடக்கும் இளமரத்தை ஒரே வெட்டில் அறுத்தால் அது விடுபட்டு எகிறி நெஞ்சில் அடிக்கும்.

வேரோடு சாய்ந்த மரத்தில் தடியை அறுத்து எடுத்தவுடன், மண்ணோடு செங்குத்தாக நிற்கும் வேர்த்தட்டு தன் குழிக்குள்ளேயே திரும்ப விழக்கூடும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் போய் நிற்பது சரியாக அந்தக் குழியில்தான்.

கரண்ட் கம்பியைப் பற்றி யாரும் எழுதவில்லை. வீட்டு இணைப்புக் கம்பியானாலும் 11 கிலோவோல்ட் கம்பியானாலும், மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் ஆள் வந்து நிறுத்திவிட்டோம் என்று சொன்ன பிறகே ஏற வேண்டும். பக்கத்து வீட்டில் ஃபேன் ஓடவில்லை என்பது சான்றாகாது. பச்சைக் கொம்பிலும் நனைந்த கயிற்றிலும் மின்சாரம் பாயும்.

ஈத்தாமொழியான் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். மலையோரம் தம்பி வாளை வாடகைக்கு எடுக்கலாம், கயிற்றை எடுக்கக் கூடாது என்று சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தென்னைக்கு நான் சொன்னது அப்படியே நிற்கிறது. தளையில் ஏறப் பழகாத பிள்ளைகளுக்குக் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் உருவான ஏறு இயந்திரம் இருக்கிறது. இரண்டு காலுக்கும் ஒவ்வொரு கம்பி வளையம், மாற்றி மாற்றி மிதித்து ஏறலாம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் அதில் பயிற்சி கொடுத்து வந்திருக்கிறது. தென்னை ஏறுபவர்களுக்கென்று கேர சுரக்ஷா என்ற விபத்துக் காப்பீடும் அந்த வாரியத்தின் வழியாக உண்டு. மண்டை காய்ந்த தென்னையில் மட்டும் இயந்திரத்தோடும் ஏறாதே தம்பி. சிவப்புக் கூன்வண்டு தின்ற தென்னை வெளியே திடமாகத் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. பனையை வெட்டக் கூப்பிட்டால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேள். 2021-இல் அரசு அப்படி அறிவித்திருக்கிறது.

தோவாளை மெக்கானிக் எழுதியது:

காப்பீடு என்று வந்ததால் ஒன்று: பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்துக்கு வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய்தான் பிடிக்கிறார்கள். விபத்தில் உயிர் போனாலும் முழுமையாக ஊனமுற்றாலும் 2 லட்சம். 18 முதல் 70 வயது வரை சேரலாம். உங்களுக்கும் கையாளுக்கும் சேர்த்தே எழுதிப் போடுங்கள்.

குலசேகரத்துக்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஏறுகயிறு, பெல்ட், ஹெல்மெட், கைவாள் ஆகியவற்றை இப்போது வாங்கிவிட்டு, கனத்த தடிக்கு மட்டும் அண்ணனுடைய வாளை நாள் வாடகைக்கு எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்; அவரும் சம்மதித்துவிட்டார். கடைசியாக ஒரு கேள்வி. நம் ஊரில் ஜூன் தொடங்கி மழை விடுவதில்லை. நனைந்த கயிற்றை எப்படிக் காப்பது?

மலையோரம் எழுதியது:

வெயிலில் போடாமல், அடுப்புக்கு மேலேயும் கட்டாமல், காற்றோட்டமுள்ள திண்ணையில் தளர்வாகத் தொங்கவிட்டு உலர்த்துங்கள். சேறு பட்டால் வெறும் தண்ணீரில் அலசுங்கள். மண் துகள் உள்ளே போனால் இழைகளை அறுக்கும். பெட்ரோல் கேனும் கயிறும் ஒரே சாக்கில் போகக் கூடாது. ஒவ்வொரு முறையும் சுருட்டும்போது முழு நீளத்தையும் விரல்களுக்கிடையே ஓடவிடுங்கள். எங்கேயேனும் மெலிந்தோ, கட்டிபட்டோ, வெளிப்பின்னல் விலகியோ தட்டுப்பட்டால் அந்தக் கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டிவிடுங்கள். முழுசாகக் கிடந்தால் யாராவது ஒருவர் எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்.